மார்ட்கேஜ் ஆஃபர் தாமதமாகிறதா? ஃபைல் எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்

வீடு பார்த்தாகிவிட்டது. விலை பேசி முடித்து, விற்பவரும் சம்மதித்துவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, பள்ளிவாசலுக்கும் நடந்து போய்விடலாம். புரோக்கரிடம் காகிதங்களைக் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. போன் செய்தால், "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் ஆஃபர் வந்துடும் பாய்" என்கிறார். அடுத்த வாரமும் அதே பதில்தான் வருகிறது. இதற்கிடையில் எஸ்டேட் ஏஜென்ட் வேறு, "உங்களுக்கு ஆஃபர் வரவில்லை என்றால் வீட்டை மீண்டும் மார்க்கெட்டில் போடலாமா என்று ஓனர் கேட்கிறார்" என்று சொல்கிறார்.

பிரிட்டனில் வீடு வாங்க முயன்ற நம் குடும்பங்களில் பலருக்கும் இது பழகிய கதை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள், அல்லது கோபப்பட்டு வேறு புரோக்கரிடம் போய்விடுகிறார்கள். ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஃபைல் இப்போது யார் மேஜையில், எந்தக் காரணத்துக்காக நிற்கிறது என்பதைத்தான். அது தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் தாமதத்தைக் கூட்டத்தான் செய்யும்.

வட்டி அடிப்படையிலான மார்ட்கேஜ் மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதை உங்களுக்கு நம்பிக்கையான ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டியைத் தவிர்த்து 'ஹோம் பர்ச்சேஸ் பிளான்' எனப்படும் இஸ்லாமிய வீட்டு நிதித் திட்டத்துக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் இதே புரோக்கர், இதே வேல்யுவேஷன், இதே காத்திருப்பு வழியாகத்தான் போகிறார்கள். அதற்கென்று இருக்கும் தனிக் காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

தாமதத்தின் விலை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தப் பரிமாற்றம், அதாவது 'எக்ஸ்சேஞ்ச்' நடக்கும் வரை வாங்குபவரையும் விற்பவரையும் சட்டம் கட்டுப்படுத்தாது. வாய்ச் சம்மதத்துக்கு மரியாதை உண்டே தவிர பலம் கிடையாது. (ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.) ஆஃபர் கையில் இல்லாமல் உங்கள் சொலிசிட்டர் எக்ஸ்சேஞ்ச் செய்ய விடமாட்டார். ஆகவே ஆஃபர் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும், இன்னொருவர் அதிக விலை சொல்லி அந்த வீட்டைக் கொண்டுபோக ஒரு வாய்ப்பு.

கட்டணமும் மாறலாம். 2022 செப்டம்பர் 23 அன்று அன்றைய அரசு மினி பட்ஜெட் அறிவித்ததும், அடுத்த சில நாட்களில் வங்கிகள் நூற்றுக்கணக்கான மார்ட்கேஜ் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. ஆஃபர் கையில் இருந்தவர்களுக்குப் பழைய கட்டணமே நின்றது. 'அடுத்த வாரம்' என்று காத்திருந்தவர்கள் பலர் புதிய கட்டணத்தில் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். முதல் வீடு வாங்குபவர்களுக்கு இங்கிலாந்தில் ஸ்டாம்ப் டியூட்டி இல்லாத வரம்பு 2025 மார்ச் 31 வரை 4,25,000 பவுண்டாக இருந்தது. ஏப்ரல் 1 முதல் அது 3,00,000 ஆகக் குறைந்தது. 4,25,000 பவுண்டு வீட்டை மார்ச் கடைசியில் முடித்தவருக்கு வரி ஏதுமில்லை. அதே வீட்டை ஏப்ரலில் முடித்தவர் 6,250 பவுண்டு கட்டினார். சில நாள் தாமதத்துக்குக் கொடுத்த விலை அது.

ஃபைல் நிற்கக்கூடிய இடங்கள்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புரோக்கர் தொடக்கத்தில் வாங்கித் தரும் 'டிசிஷன் இன் பிரின்சிபல்' விண்ணப்பம் ஆகாது. நீங்கள் சொன்ன வருமானத்தை வைத்து, "இவ்வளவு தரலாம் போலிருக்கிறது" என்று வங்கி சொல்லும் ஒரு முதல் கணிப்புதான் அது. வீடு பார்க்கப் போக அது போதும். அந்தக் காகிதம் கையில் வந்தவுடன் "வங்கியில் அப்ளை பண்ணியாச்சு" என்று நினைத்து ஒரு மாதம் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. முழு விண்ணப்பம் போனால்தான் வங்கி ஒரு விண்ணப்ப எண் தரும், பொதுவாக அப்போதுதான் அந்தக் கட்டணமும் உங்களுக்காகப் பிடித்துவைக்கப்படும். ஆகவே புரோக்கரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "முழு விண்ணப்பம் எந்தத் தேதியில் போனது? விண்ணப்ப எண் என்ன?" எண் இல்லை என்றால் ஃபைல் இன்னும் புரோக்கரின் மேஜையிலேயே இருக்கிறது. தாமதம் வங்கியால் அல்ல.

எண் இருந்தால் அடுத்த இடம் வங்கியின் ஆவண வரிசை. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வங்கி மூன்று காகிதம் கேட்டு நீங்கள் இரண்டை அனுப்பினால், ஃபைல் திறந்து பார்க்கப்பட்டு, "மூன்றாவது இல்லை" என்று குறித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும். இப்படி மூன்று தடவை நடந்தாலே ஒரு மாதம் ஓடிவிடும். கேட்டது எல்லாம் சேரும் வரை ஒரு நாள் பொறுத்து, ஒன்றாக அனுப்புவதே வேகமான வழி. பேங்க் ஸ்டேட்மெண்டை போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பெயர், கணக்கு எண், எல்லாப் பக்கங்களும் இருக்கும்படி வங்கியிலிருந்தே பி.டி.எஃப்.ஆக இறக்கி அனுப்புங்கள்.

மூன்றாவது வேல்யுவேஷன். சில வீடுகளுக்கு வங்கி கம்ப்யூட்டர் கணக்கிலேயே முடித்துவிடும். சிலவற்றுக்கு சர்வேயர் நேரில் வர வேண்டும். அவர் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை, ஏஜென்டிடம் சாவி இல்லை என்றால் இன்னொரு தேதி. இதை நீங்களே ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டுச் சரிசெய்யலாம். ஃப்ளாட் என்றால் லீஸில் எத்தனை வருடம் மீதம், வெளிச்சுவரில் என்ன பொருள் என்ற கேள்விகள் வரும். 2017 கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு சில கட்டடங்களுக்கு ஈ.டபிள்யூ.எஸ்.1 என்ற படிவத்தை வங்கிகள் கேட்கின்றன. அது கட்டட நிர்வாகத்திடமிருந்து வர வேண்டியது. அது இல்லாமல் உங்கள் புரோக்கர் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை.

நான்காவது அண்டர்ரைட்டர், அதாவது வங்கியில் உட்கார்ந்து கடைசி முடிவு எடுப்பவர். அவர் கேள்வி கேட்டால் ஃபைல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கேள்வியை புரோக்கர் தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்லாமல், வங்கி எழுதிய வாசகத்தையே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் இந்தச் சுருக்கத்தில்தான் பிறக்கிறது.

"வங்கிக்கே நேரடியாகப் போன் போட்டுக் கேட்டால் என்ன?" என்று தோன்றும். புரோக்கர் வழியாகப் போன விண்ணப்பத்தை வங்கிகள் பெரும்பாலும் புரோக்கரிடம்தான் பேசும். உங்களையும் அவரிடமே திருப்பி அனுப்பும். அதனால்தான் அவரிடம் கேட்கும் கேள்விகள் முக்கியம். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "போய்க்கிட்டு இருக்கு" என்றுதான் பதில் வரும். வாரத்துக்கு ஒரு முறை, ஈமெயிலில், நான்கே வரி போதும்: இப்போது விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வங்கி கடைசியாக என்றைக்கு, என்ன கேட்டது? என்னிடமிருந்து ஏதாவது பாக்கி இருக்கிறதா? வங்கி இன்று எந்தத் தேதியில் வந்த ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பல வங்கிகள் புரோக்கர்களுக்காகவே பதிலை வெளியிடுகின்றன. ஆகவே "தெரியாது" என்பதற்கு இடமில்லை. வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். பின்னால் புகார் வரை போக நேர்ந்தால் அந்த எழுத்துதான் பேசும்.

நம் பெயர்கள், நம் பணம்

நம் குடும்பங்களின் விண்ணப்பங்கள் சிக்குவதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது பெயர். பாஸ்போர்ட்டில் முகமது ஒரு விதமாக, சம்பளச் சீட்டில் இரண்டு 'எம்' போட்டு, பேங்கில் 'யு' போட்டு என்று ஒரே மனிதர் மூன்று பேராக இருப்பார். தகப்பனார் பெயர் ஒரு இடத்தில் குடும்பப் பெயராகவும், இன்னொரு இடத்தில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இது வேறு வேறு ஆள். விண்ணப்பத்துக்கு முன்பே பேங்க், சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டில் இருக்கும்படி மாற்றிவிடுவது நல்லது. இப்போதே விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தால், எந்தெந்த இடத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதி புரோக்கரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வாக்காளர் பட்டியல் இன்னொன்று. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவில் பிரிட்டனில் வசிக்கும் இந்த நாட்டுக் குடிமக்கள், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே இங்கே வாக்காளர் பட்டியலில் பதிவு செய்யலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது. அந்தப் பட்டியலில் இருந்தால் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் உங்கள் பெயரும் முகவரியும் எளிதாக உறுதியாகும். விசாவில் இருப்பவர்கள் ஈ-விசாவின் ஷேர் கோட் கொடுத்திருப்பீர்கள். அது 90 நாள்தான் செல்லும். விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போனால் புதிய கோட் எடுத்துக் கொடுக்க மறக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் டெபாசிட் பணம்தான். "பணம் எங்கிருந்து வந்தது?" என்று வங்கியும் கேட்கும், சொலிசிட்டரும் கேட்பார். கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் அவர்களைக் கேட்க வைக்கின்றன. முஸ்லிம் பெயர் என்பதால்தான் கேட்கிறார்கள் என்று சிலர் மனம் நோகிறார்கள். கேள்வி எல்லோருக்கும் உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் கேள்விகள் கூடும். ஊரில் நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரம், பணம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட், அங்கிருந்து இங்கே அனுப்பிய ரசீது என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். கிரயப் பத்திரம் தமிழில் இருக்குமாதலால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதைக் கேட்ட பிறகு தேடாமல், இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுக்கலாம். அதற்கு வரி தொடர்பான படிவங்களும், பல நேரங்களில் ஆடிட்டர் சான்றும் தேவைப்படும். அந்த வேலைக்கும் நாள் பிடிக்கும்.

உண்டியல் வழியாக வந்த பணத்துக்கு இந்தச் சங்கிலி கிடையாது. எவ்வளவு ஹலாலாகச் சம்பாதித்த பணமாக இருந்தாலும், வந்த வழிக்குக் காகிதம் இல்லை என்றால் சொலிசிட்டர் தொடமாட்டார். கடைசி வாரத்தில் இது தெரியவந்து வீட்டையே இழக்க நேரிடலாம்.

அடுத்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சமூகத்தில் டெபாசிட்டுக்குக் குறையும் பணத்தை மச்சானோ, நண்பரோ, ஊர் ஜமாஅத்தில் தெரிந்தவரோ வட்டியில்லா அழகிய கடனாகத் தருவார். நல்ல வழக்கம்தான். ஆனால் வங்கிக்கு அந்தப் பணம் போகும்போது 'கிஃப்ட் லெட்டர்' என்ற கடிதத்தில் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். "இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கில்லை" என்பதுதான் அதன் பொருள். கடனாகக் கொடுத்தவர் அதில் கையெழுத்திட்டால் அது பொய். "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க" என்று சொல்லும் புரோக்கர்களும் இருக்கிறார்கள். தெரிந்தே தவறான தகவல் கொடுத்துக் கடன் பெறுவது இந்த நாட்டுச் சட்டப்படி மோசடி. கண்டுபிடிக்கப்பட்டால் ஆஃபர் ரத்தாகலாம். சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஏறினால் 6 வருடம் வரை இருக்கும், அதற்குள் ஒரு சாதாரணக் கணக்குத் திறப்பதே கஷ்டமாகிவிடும்.

கொடுத்தவர் பக்கமும் யோசிக்க வேண்டும். "திருப்பித் தர வேண்டியதில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டவர், நாளை வாங்கியவர் மௌத்தானால் வாரிசுகளிடம் எதைக் காட்டிக் கேட்பார்? கடனை எழுதி வைக்கச் சொல்வது குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282. அதற்கு நேர்மாறாக ஒரு காகிதத்தை உருவாக்கி வைக்கிறோம். கடன் என்றால் கடன் என்றே புரோக்கரிடம் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் மாதத் தவணையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஏற்கும், பல ஏற்காது. ஏற்காவிட்டால் குறைந்த விலை வீடு, அல்லது இன்னும் ஓராண்டு சேமிப்பு. அது கசப்பான பதில்தான்.

ஹோம் பர்ச்சேஸ் பிளான் எடுப்பவர்களுக்கு

இந்தத் திட்டத்தில் நிதி நிறுவனமும் நீங்களும் சேர்ந்து வீட்டை வாங்குகிறீர்கள். நிறுவனத்தின் பங்குக்கு வாடகை கட்டிக்கொண்டே, அந்தப் பங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறீர்கள். இரண்டு முறை கைமாறுவதால் ஸ்டாம்ப் டியூட்டியும் இரண்டு முறை விழுந்துகொண்டிருந்தது. 2003 நிதிச் சட்டம் அதை நீக்கியது. 2007 ஏப்ரலிலிருந்து இத்திட்டங்களும் மார்ட்கேஜைப் போலவே நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன.

தாமதம் இங்கே வேறு விதமாக வருகிறது. தரும் நிறுவனங்கள் குறைவு, ஆகவே வரிசை நீளம். மார்ட்கேஜ் பத்திரத்துக்குப் பதிலாகக் குத்தகை, பங்கு மாற்றம் என்று காகிதங்கள் அதிகம். இவற்றை உங்களுக்கு விளக்கிச் சொல்லித் தனியாகச் சட்ட ஆலோசனை கொடுத்ததாக சொலிசிட்டர் எழுதித்தர வேண்டியிருக்கும். இத்திட்டத்தை முன்பின் பார்க்காத சொலிசிட்டரிடம் கொடுத்தால், அவர் படித்துத் தெரிந்துகொள்ளும் காலமும் உங்கள் கணக்கில்தான் சேரும். "இதுவரை எத்தனை ஹோம் பர்ச்சேஸ் பிளான் முடித்திருக்கிறீர்கள்? இந்த நிறுவனத்தின் பேனலில் இருக்கிறீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள். புரோக்கருக்கும் மார்ட்கேஜ் அனுமதி மட்டும் போதாது. ஹோம் பர்ச்சேஸ் பிளானுக்கு ஆலோசனை சொல்லத் தனி அனுமதி வேண்டும். எஃப்.சி.ஏ. பதிவேட்டில் அவர் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காத்திருக்கும்போது

ஆஃபர் வரும் வரையிலும், வந்த பிறகு சாவி கைக்கு வரும் வரையிலும் வேலை மாறாதீர்கள். மாற வேண்டிய கட்டாயம் என்றால் புரோக்கரிடம் அன்றே சொல்லுங்கள். கார் ஃபைனான்ஸ், புது கிரெடிட் கார்டு, புது வீட்டுக்கு என்று தவணையில் சோபா எதுவும் வேண்டாம். வங்கிகள் கடைசி நேரத்தில் மறுபடி கிரெடிட் பார்ப்பதுண்டு. டெபாசிட் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கேள்வி வரும். வாடகை வீட்டைக் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுப்பதை எக்ஸ்சேஞ்ச் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சொலிசிட்டரிடம் கவுன்சில் சர்ச் முதலியவற்றை இப்போதே தொடங்கச் சொல்லலாமா? விண்ணப்பம் முழுமையாகப் போய், வேல்யுவேஷனும் சரியாக வந்திருந்தால் தொடங்கலாம் என்பது என் கருத்து. ஆஃபர் வராமல் போனால் அந்தப் பணம் திரும்பாது, ஆனால் வந்தால் சில வாரங்கள் மிச்சம். எஸ்டேட் ஏஜென்டுக்கும் வாரம் ஒரு முறை உண்மை நிலையைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் பேச்சே இல்லாமல் போய்விட்டார் என்றால்தான் விற்பவர் பயப்படுவார்.

புரோக்கரை மாற்றலாமா என்றால், விண்ணப்ப எண்ணே இல்லாத நிலையில் தயங்காமல் மாற்றலாம். கட்டண ஒப்பந்தத்தை மட்டும் படித்துவிடுங்கள். எந்தக் கட்டத்தில் அவருக்குப் பணம் சேர வேண்டும் என்று அதில் இருக்கும். வேல்யுவேஷன் முடிந்து அண்டர்ரைட்டரிடம் ஃபைல் இருக்கும்போது மாற்றினால், புதிய விண்ணப்பம், புதிய கிரெடிட் சோதனை என்று எல்லாம் முதலிலிருந்து. அந்த நிலையில் கோபத்தை அடக்கிக்கொள்வதே லாபம்.

புரோக்கரின் அலட்சியத்தால் நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அவர் நிறுவனத்துக்கு "இது புகார்" என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். 8 வாரத்துக்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஃபைனான்சியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் வங்கி மீதே இதே வழியில் புகார் செய்யலாம். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆம்பட்ஸ்மன் பொதுவாகச் சொல்லமாட்டார். நியாயமற்ற தாமதத்தால் உங்களுக்கு ஏற்பட்ட செலவைத் திருப்பித் தரச் சொல்லலாம். அதற்கு அந்த வாராந்திர ஈமெயில்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ் ஆஃபர் வந்ததும், சந்தோஷத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். பெயரின் எழுத்துகள், வீட்டு முகவரி, தொகை, காலம் எல்லாம் சரிதானா? கடைசியாக, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். பொதுவாக 3 முதல் 6 மாதம் இருக்கும். விற்பவர் தரப்பு இழுத்தடித்து அந்தத் தேதி நெருங்கினால், முடிவதற்குச் சில வாரங்கள் முன்பே நீட்டிப்புக் கேட்கும்படி புரோக்கருக்கு எழுதிவிடுங்கள்.